புன்னகையை விற்றுக் குடும்பம் காத்தவர்

பொருளாதாரத்தில் 'பயன்பாடு' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு பொருள் அதனை நுகர்பவருக்குத் தரும் நிறைவையே அச்சொல் குறிக்கும். அந்த நிறைவு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று பொருளாதாரம் வினவுவதில்லை. அரிசியாக இருந்தாலும் அத்தராக இருந்தாலும், வாங்குபவர் விரும்பிக் காசு கொடுத்தால் அதற்குப் பயன்பாடு இருக்கிறது என்றே பொருள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலாமாண்டு மாணவர்களுக்கு இதனைக் கற்பித்து வந்த நான், என் வீட்டுக்குள்ளேயே இதனை நெடுங்காலம் ஏற்க மறுத்தேன்.

என் அக்கா ஆங்கிலக் காதல் நாவல்களை விரும்பிப் படிப்பவர். எண்பதுகளின் தொடக்கத்தில், மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முன்பு, அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளில் கைப்பிடிக்குப் பத்து என்று பேரம் பேசி வாங்கி வருவார். முதுகலை மாணவனாக இருந்த எனக்கு அவை வீண்பொழுதாகவே தோன்றின. கேலி செய்வேன். அக்கா பதில் சொல்லமாட்டார், பக்கத்தைப் புரட்டுவார். அந்த நூல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜார்ஜெட் ஹேயர் என்ற ஆங்கிலப் பெண்மணி. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவரது வாழ்க்கையை இப்போது அறிந்துகொண்டபோது, நான் கேலி செய்தது எதனை என்பது விளங்கியது.

1902 ஆகஸ்ட் 16 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் ஹேயர் பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார் ரஷியாவிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர். தந்தை ஆசிரியராகப் பணியாற்றியவர். பிரெஞ்சுக் கவிஞர் வில்லோனின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாயார் இசை பயின்றவர். மூன்று பிள்ளைகளில் ஜார்ஜெட் மூத்தவர். இரண்டு தம்பிகள். எந்தப் புத்தகத்தையும் படிக்கக் கூடாது என்று மகளைத் தடுக்காத தந்தை அவருக்கு வாய்த்தார். பெண் குழந்தைகளின் வாசிப்பைப் பெரியவர்கள் கண்காணித்த காலத்தில் அது அரிய பேறு.

மூத்த தம்பி போரிஸுக்கு இரத்தம் எளிதில் உறையாத நோய் இருந்தது. ஒருமுறை உடல்நலம் குன்றிய அவரைத் தேற்றுவதற்காகக் குடும்பம் கடற்கரை நகரமான ஹேஸ்டிங்ஸில் தங்கியிருந்தது. படுக்கையில் கிடந்த தம்பிக்குப் பொழுது போகவேண்டுமே என்று 17 வயது அக்கா ஒரு கதை சொல்லத் தொடங்கினார். வழிப்பறிக்காரனாக மாறிய ஒரு பிரபு, கடத்தப்படும் கதாநாயகி, வாள்சண்டை என்று அந்தக் கதை வளர்ந்தது. மகள் சொன்னதைக் கேட்ட தந்தை, அதனை ஒழுங்குபடுத்தி எழுதுமாறு ஊக்குவித்தார். 1921-இல் 'தி பிளாக் மாத்' என்ற பெயரில் அது நூலாக வெளிவந்தபோது ஹேயருக்கு வயது 19.

நோயுற்ற ஒருவரின் முகத்தில் சிரிப்பை வரவழைப்பதற்காகப் பிறந்தது அவரது முதல் நாவல் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சுரங்கப் பொறியியல் பயின்றுகொண்டிருந்த ரொனால்ட் ரூஜியர் என்ற இளைஞரை 1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹேயர் சந்தித்தார். 1925 வசந்த காலத்தில் இருவருக்கும் திருமணம் நிச்சயமானது. அதன்பின் சில வாரங்களிலேயே பேரிடி விழுந்தது. ஜூன் மாதத்தில், வருங்கால மருமகனுடன் டென்னிஸ் விளையாடிய தந்தை மாரடைப்பால் காலமானார். ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. இரண்டு தம்பிகளில் இளையவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 23 வயது நிரம்பாத ஹேயர், குடும்பத்தின் பொருட்சுமையைத் தாமே ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 18-இல், ஆரவாரமின்றித் திருமணம் நடந்தது.

அதுவரை எழுத்து அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அந்த ஜூன் மாதத்திற்குப் பிறகு அது தொழிலாயிற்று. தொழிலாகிவிட்ட எழுத்தை இலக்கிய உலகம் ஒரு படி இறக்கியே வைக்கும். ஒரு மருத்துவரோ வழக்குரைஞரோ குடும்பத்திற்காக உழைத்தால் அதனைக் கடமை என்கிறோம். எழுத்தாளர் அதையே செய்தால் சந்தைக்கு எழுதுகிறார் என்று முகம் சுளிக்கிறோம்.

1926-இல் அவரது 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வெளிவந்தது. பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு அது. அன்றைய குழப்பத்தில் அந்நூலுக்கு மதிப்புரையோ விளம்பரமோ கிடைக்கவில்லை என்றும், எனினும் 1,90,000 படிகள் விற்பனையாயின என்றும் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகின்றனர். படித்தவர் தம் தோழியிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, நூல் தானே நடந்து சென்றது. இதிலிருந்து ஹேயர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். எழுதுபவர் மேடையேறித் தம்மை விற்கவேண்டியதில்லை. நூல் நன்றாக இருந்தால் அது தன்னைத்தானே விற்றுக்கொள்ளும். பத்திரிகைகளுக்கு நேர்காணல் தருவதை வாழ்நாள் முழுவதும் அவர் தவிர்த்தார். வெளியுலகில் அவர் திருமதி ரூஜியர் மட்டுமே. அவரது மறைவுச் செய்தியைப் படித்தபோதுதான் வாசகர்கள் பலருக்கு அவரது மணப்பெயரே தெரியவந்தது.

கணவரின் பணி அவரைத் தொலைதூரங்களுக்கு அழைத்துச் சென்றது. 1927-இல் இன்றைய தான்சானியாவின் ஒரு பகுதியான டாங்கனிகாவில், கணவர் வெள்ளீயத் தாது தேடிக்கொண்டிருந்தபோது, காட்டுக்கு நடுவே யானைப் புல்லால் வேய்ந்த குடிசையில் ஹேயர் வாழ்ந்தார். இரவில் விலங்குகளின் ஓசை கேட்கும் அந்தக் குடிசையில் அமர்ந்து, 18-ஆம் நூற்றாண்டு லண்டனின் விருந்து மண்டபங்களைப் பற்றிய 'தி மாஸ்கரேடர்ஸ்' என்ற நாவலை எழுதினார். நூலகம் இல்லை, குறிப்புப் புத்தகங்கள் இல்லை. அப்படியிருந்தும் வரலாற்றுப் பிழைகள் அதில் மிகக் குறைவு என்பர். அதன்பின் மாசிடோனியா. அங்கே பல் மருத்துவத்திற்காகத் தவறாகக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்தால் உயிர் போகும் நிலைக்குச் சென்று மீண்டார். 1929-இல் தம்பதியர் இங்கிலாந்துக்குத் திரும்பினர்.

திரும்பிய பின்னரும் நிலை சீரடையவில்லை. கணவர் சிறிது காலம் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்தார். பின்னர் ஹார்ஷம் என்ற ஊரில் உறவினரின் பண உதவியுடன் விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார். உலகப் பெருமந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. 1932-இல் ஒரே மகன் ரிச்சர்ட் பிறந்தார். கணவரின் உண்மையான விருப்பம் சட்டப் படிப்பில் இருந்தது. மனைவியின் எழுத்து வருமானம் கைகொடுக்க, ரூஜியர் சட்டம் பயின்று 1939-இல் வழக்குரைஞரானார். மகனும் பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். கணவரை வழக்குரைஞராகவும் மகனை நீதிபதியாகவும் ஆக்கிய அந்தக் குடும்பத்தின் மூலதனம், விமர்சகர்கள் திரும்பியும் பார்க்காத காதல் கதைகள்.

1932 முதல் பத்தாண்டுக் காலம், ஆண்டுக்கு ஒரு காதல் நாவலும் ஒரு துப்பறியும் நாவலும் என்பது அவரது வழக்கமாக இருந்தது. துப்பறியும் கதைகளுக்கான கொலைத் திட்டங்களை வகுத்துக் கொடுத்தவர் கணவர். அந்த எலும்புக்கூட்டுக்குச் சதையும் நாவும் கொடுத்தவர் மனைவி. போர்க்காலத்தில் பதிப்பகத்திற்கு வரும் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துரைக்கும் கூலிவேலையையும் செய்தார். இரண்டு தம்பிகளும் போருக்குச் சென்றனர். கவலை நிறைந்த அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட நூல்களில் அவரது கவலையின் நிழலைக்கூடக் காணமுடியாது.

ஹேயரின் பெயர் நிலைத்தது 1935-இல் வெளிவந்த 'ரீஜென்சி பக்' நாவலிலிருந்து. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியதால் அவருடைய மகன் பதிலாளுநராக இருந்து ஆட்சி செய்த 1811 முதல் 1820 வரையிலான காலத்தை ஆங்கிலேயர் 'ரீஜென்சி' என்பர். நெப்போலியனுடனான போர், பிரபுக்களின் ஆடம்பரம், சூதாட்ட விடுதிகள், குதிரை வண்டிப் பந்தயங்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் லண்டன் விருந்துப் பருவம் ஆகிய அனைத்தும் கலந்த காலம். அதே காலத்தில் வாழ்ந்து மறைந்த ஜேன் ஆஸ்டின், தம் கண்முன் இருந்த உலகைப் பற்றி எழுதினார். வண்டி எப்படி இருந்தது, தொப்பி என்ன விலை என்றெல்லாம் அவர் விளக்கவேண்டிய தேவை இல்லை, வாசகருக்கே தெரியும். நூறாண்டுக்குப் பின் வந்த ஹேயர், அந்த உலகத்தைச் செங்கல் செங்கலாக மீண்டும் கட்டவேண்டியிருந்தது.

அதற்காக அவர் மேற்கொண்ட உழைப்பை எந்த ஆராய்ச்சி மாணவரும் மதிப்பார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்பு நூல்களைத் தம் வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்தார். ஆடை, வண்டி, உணவு, விலைவாசி, அஞ்சல் கட்டணம், குத்துச்சண்டைக் குழூஉக்குறி என்று தலைப்பு வாரியாகக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். வெலிங்டன் பிரபு பேசும் பாங்கைச் சரியாகப் பிடிப்பதற்காக அவர் எழுதிய அசல் கடிதம் ஒன்றை விலைகொடுத்து வாங்கினார். 1937-இல் வெளிவந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில் வாட்டர்லூ போரை அவர் வருணித்த நுட்பம் படைத்துறை வல்லுநர்களாலும் பாராட்டப்பட்டது. பின்னாளில் வேறோர் எழுத்தாளர் அவரைப் பின்பற்றி எழுதியபோது, தனிப்பட்ட ஆவணத்தில் மட்டுமே தாம் கண்டெடுத்த ஒரு பழஞ்சொல் அந்நூலில் இருப்பதைக் கொண்டே அது தம்மிடமிருந்து எடுக்கப்பட்டது என்று ஹேயரால் கண்டறிய முடிந்தது. ஆனாலும் அவர் நீதிமன்றப் படியேறவில்லை.

இத்தனை ஆய்வும் வாசகரின் கண்ணை உறுத்தாமல் கதைக்குள் கரைந்திருக்கும். மேலே மிதப்பது நகைச்சுவை மட்டுமே. தலைக்கனம் கொண்ட பிரபு, அவரைவிடக் கூர்மையாகப் பேசும் பெண், ஊதாரித் தம்பி, எதற்கெடுத்தாலும் மயங்கி விழும் அத்தை ஆகியோர் கூடினால் போதும். வீட்டில் கூத்து தொடங்கிவிடும். முடிவில் திருமணம் உறுதி. இந்த உறுதிதான் விமர்சகர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு. முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

நம் ஊர்த் தெருக்கூத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விந்தையாகவே படும். துரௌபதி கூந்தலை முடிப்பாள் என்பது தெரியாமல் யாரும் விடிய விடியப் பாயில் அமர்ந்திருப்பதில்லை. தெரிந்த முடிவை நோக்கி இந்தக் கூத்தர் எப்படி அழைத்துச் செல்கிறார் என்பதைக் காணவே அமர்ந்திருக்கிறார்கள். முடிவைப் பற்றிய அச்சம் நீங்கினால்தான் நடையைச் சுவைக்க முடியும். காப்பீடு செய்துகொண்டவர் நிம்மதியாகப் பயணம் செய்வதைப் போன்றது இது.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது 1961-இல் வெளிவந்த 'எ சிவில் கான்ட்ராக்ட்'. தலைப்பே ஒப்பந்தம். தந்தை விட்டுச்சென்ற கடனில் மூழ்கிய இளம் பிரபு ஆடம், குடும்ப நிலத்தைக் காக்க வேறு வழியின்றி, பெரும் செல்வம் படைத்த ஒரு வணிகரின் மகளான ஜென்னியை மணக்கிறார். அவர் மனம் இருப்பதோ ஓர் அழகியிடம். ஜென்னி அழகியல்லள், ஆனால், கணவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எப்போது தனிமை வேண்டும் என்பதையெல்லாம் அறிந்து வீட்டை நடத்துபவள். வாட்டர்லூ போரில் தோல்வி என்ற வதந்தியால் அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரியும்போது, விற்றுவிடு என்கிறார் மாமனார். தம் தளபதியை நம்பும் ஆடம் துணிந்து வாங்குகிறார். செல்வம் வருகிறது. நாவலின் முடிவில் பெருங்காதல் ஏதும் வெடிப்பதில்லை. அன்றாட வாழ்வின் நிறைவு எவ்வளவு பெரியது என்பதை மட்டும் அவர் மெதுவாக உணர்கிறார். வரதட்சிணையும் கடனும் சூழ்ந்த திருமணங்களைக் கண்ட நம் நாட்டு வாசகருக்கு இந்த நாவல் அந்நியமாகத் தோன்றாது.

ஹேயர் வரலாற்றுக் காதல் மட்டுமே எழுதினார் என்று எண்ணுவது தவறு. 1923-க்கும் 1930-க்கும் இடையில் தம் சமகால வாழ்வைப் பற்றி நான்கு நாவல்கள் எழுதினார். அவற்றில் அவருடைய சொந்த வாழ்வின் சாயல் இருந்தது. தந்தையின் இழப்பும் ஒன்றில் இடம்பெற்றது. பிற்காலத்தில் அந்த நான்கையும் மறுபதிப்புச் செய்ய அவர் இசையவில்லை. தம்மை நேரடியாகக் காட்டிய நூல்களை மறைத்துவிட்டு, பழங்கால உடையணிந்த நூல்களை மட்டும் உலகுக்கு விட்டார். இருநூறு ஆண்டுத் தொலைவு வாசகருக்குத் தப்பிக்கும் வழி என்றால், எழுதியவருக்கு அது திரைச்சீலை.

அவருக்கென்று ஒரு கனவு இருந்தது. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் தம்பியான ஜான் என்பவரை மையமாகக் கொண்டு, லங்காஸ்டர் மரபைப் பற்றிய மூன்று பெரும் நூல்களை எழுதவேண்டும் என்பதே அது. இடைக்கால வரலாற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆனால், அந்தப் பணியைத் தொடங்கும்போதெல்லாம் வருமான வரி குறுக்கே வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் வருமான வரியின் பொது விகிதம் 50 விழுக்காடு. மிக உயர்ந்த வருமானத்தின் மேல்படியில் கூடுதல் வரியும் சேர்ந்து 97.5 விழுக்காடு வரை சென்றது. போருக்குப் பின்னரும் அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை. எழுத்தாளரின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. ஓர் ஆண்டு நூல் நன்றாக விற்றால் அந்த ஆண்டுக்கு வரி உயரும். அதனைக் கட்டவேண்டிய நேரத்தில் கையில் பணம் இருக்காது. வரியைக் கட்ட இன்னொரு ரீஜென்சி நாவல் எழுதுவார். அது விற்கும். அதற்கும் வரி வரும். மீண்டும் இன்னொரு நாவல். செக்கைச் சுற்றும் மாடுபோல இந்தச் சுழற்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. லங்காஸ்டர் நூல் மேசையில் தூசி படிந்து கிடந்தது.

தப்பிக்க அவர் ஒரு வழி கண்டார். தம் நூல்களின் உரிமையை வைத்திருக்க ஹெரான் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஏற்பாடும் வரிச் சிக்கலில்தான் சென்று முடிந்தது. கடைசியில் 1960-களின் இறுதியில் அந்நிறுவனத்தை, அது வைத்திருந்த 17 நூல்களின் உரிமையோடு, ஏறத்தாழ 85,000 பவுண்டுக்கு புக்கர் மெக்கானல் என்ற பெருநிறுவனத்திற்கு விற்றார். ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங், அகதா கிறிஸ்டி ஆகியோரின் உரிமைகளிலும் அந்நிறுவனம் முன்பே முதலீடு செய்திருந்தது.

புக்கர் என்ற பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 1969-இல் முதன்முறையாக வழங்கப்பட்ட புக்கர் பரிசின் புரவலர் அதே நிறுவனம்தான். ஜனரஞ்சக எழுத்தாளர்களின் உரிமைகளை வாங்கும் தனிப்பிரிவு அங்கே இருந்ததால்தான் அந்தச் சர்க்கரை நிறுவனத்திற்கு இலக்கிய உலகுடன் உறவு ஏற்பட்டது, பரிசும் பிறந்தது. தீவிர இலக்கியத்திற்கு முடிசூட்டும் மேடையின் கால்களில் ஒன்று, அந்த மேடையில் ஒருபோதும் ஏற்றப்படாத காதல் கதைகளாலும் துப்பறியும் கதைகளாலும் ஆனது.

இன்னொன்றும் உண்டு. புக்கர் நிறுவனம் செல்வம் குவித்தது தென் அமெரிக்காவின் கயானா கரும்புத் தோட்டங்களில். அடிமை முறை ஒழிந்தபின் 1838 முதல் 1917 வரை அந்த மண்ணுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் வடஇந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தனர். மதராசிகள் என்று அழைக்கப்பட்ட அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே மாரியம்மனை வழிபடுகின்றனர். ஹேயரின் நாவல்களில் பிரபுக்கள் தேநீரில் கலந்து பருகும் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று அந்த நூல்கள் சொல்வதில்லை. அவரது நூலுரிமை கடைசியில் சர்க்கரைப் பணத்தால் வாங்கப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை.

இது அவரது எழுத்தின் குறைகளில் ஒன்று. 1815-இன் தானியச் சட்டம், நெசவு எந்திரங்களை உடைத்த தொழிலாளர்கள், 1819-இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள் மீது குதிரைப்படை பாய்ந்த கொடுமை ஆகியவை எல்லாம் அதே ரீஜென்சி காலத்து நிகழ்வுகளே. அவருடைய விருந்து மண்டபங்களுக்குள் அந்த ஓசை கேட்பதில்லை. குலப்பெருமையில் அவருக்கிருந்த நம்பிக்கை சில இடங்களில் உறுத்தும். 1950-இல் வெளிவந்த 'தி கிராண்ட் சோஃபி' நாவலில் வட்டிக்குக் கொடுக்கும் ஒரு யூதரை அவர் சித்தரித்த விதம், யூதர்கள் இலட்சக்கணக்கில் கொன்றொழிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், மன்னிக்கக்கூடியதன்று. நாம் நேசிக்கும் எழுத்தாளரிடமும் இதனைச் சொல்லியே ஆகவேண்டும்.

தம் நூல்களைப் பற்றி ஹேயரே உயர்வாகப் பேசியதில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும், குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் இருப்பவருக்கும் பயன்படக்கூடியவை என்ற அளவில்தான் அவற்றை மதித்தார். ஆயிரக்கணக்கில் வந்த வாசகர் கடிதங்களில் அவர் பெரிதாகப் போற்றியது ஒன்றை மட்டுமே. அதனை எழுதியவர் ருமேனியாவில் அரசியல் கைதியாகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண்மணி. 'ஃப்ரைடேஸ் சைல்டு' என்ற நாவலை அவர் முன்பே படித்திருந்தார். சிறையில் புத்தகம் இல்லை. நினைவிலிருந்தே அந்தக் கதையைத் தமக்கும் சக கைதிகளுக்கும் 12 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சொல்லி, அனைவரும் மனம் பேதலிக்காமல் இருக்க உதவியிருக்கிறார்.

1944-இல் வெளிவந்த அந்த நாவலில் தத்துவம் ஏதுமில்லை. பொறுப்பற்ற ஓர் இளம் பிரபு, கோபத்தில் முதலில் கண்ணில் பட்ட பெண்ணை மணந்துகொள்கிறார். அதன்பின் இருவரும் வளர்ந்து ஒருவரையொருவர் கண்டறிகின்றனர். அவ்வளவுதான். ஆனால் 12 ஆண்டுச் சிறையில் அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது, மனிதர்கள் சிரித்துப் பேசிக்கொள்ளும் ஓர் உலகம் எங்கோ இருக்கிறது என்ற நினைவு. பயன்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஹேயர் 1974 ஜூலை 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அப்போது அவரது நூல்களில் 48 விற்பனையில் இருந்தன. லங்காஸ்டர் வரலாற்றில் அவர் எழுதி முடித்திருந்த பகுதி மட்டும் 'மை லார்ட் ஜான்' என்ற பெயரில் மறு ஆண்டு வெளிவந்தது. வரி கட்டுவதற்காக எழுதியவை இன்றும் விற்கின்றன. வாழ்நாள் கனவாக எழுதியதைத் தேடிப் படிப்பவர் குறைவு. இதனை அவரது தோல்வி என்று சொல்லலாமா என்பது எனக்கு ஐயமே. உயர்ந்தது என்று அவர் எண்ணியதும், உள்ளத்திலிருந்து இயல்பாக வந்ததும் வேறு வேறாக இருந்திருக்கலாம்.

அவரை முதலில் உரக்கப் பாராட்டிய இலக்கியவாதி ஏ.எஸ். பையட். 1969-இல், அதாவது முதல் புக்கர் பரிசு வழங்கப்பட்ட அதே ஆண்டில், ஹேயர் நாம் எண்ணுவதைவிடச் சிறந்த நாவலாசிரியர் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். 1990-இல் அதே பையட் புக்கர் பரிசு பெற்றார். பரிசு பெற்ற நாவலின் துணைத் தலைப்பு 'ஒரு காதல் கதை' என்பது. 2015-இல் விம்பிள்டனில் ஹேயர் பிறந்த வீட்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. வாழ்ந்தபோது கிடைக்காத ஏற்பு மெல்ல வந்து சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா நோயுற்றார். சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் கண்கள் களைத்துப் போகும். அலமாரியில் இருந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டுமாறு கேட்டார். அது ஹேயர் எழுதியது. நாற்பது ஆண்டுகளாக நான் கேலி செய்த நூலை என் குரலிலேயே உரக்கப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அக்கா சிரித்தார். ஐந்தாம் பக்கத்தில் நானும் சிரித்தேன். முன்பு கேலி செய்ததை அவர் நினைவூட்டவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை. அடுத்த பக்கம் காத்திருந்தது.

ஹேஸ்டிங்ஸில் நோயுற்ற தம்பிக்கு ஓர் அக்கா சொன்ன கதையில் தொடங்கிய எழுத்து அது. நூறாண்டு கழித்துச் சென்னையில் ஒரு வீட்டில், நோயுற்ற அக்காவுக்கு ஒரு தம்பி வாசித்துக் காட்ட வந்து சேர்ந்தது. தமிழிலும் மாத நாவல்களை வாங்கிப் பேருந்தில் படித்துச் செல்லும் பெண்கள் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் நூலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குமுன், அவர்களுக்கு அது எந்தச் சுமையைச் சற்று இறக்கி வைக்கிறது என்பதை நாம் ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.